ஒளிர்சட்டை 417-இன் முதலாளி

முருகையனின் கருவிப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் மரியாதையாகத்தான் பிடுங்கினார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரியத்தின் மேல் எனக்கு ஏதோ காழ்ப்பு என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. காழ்ப்பு இருக்கிறது, அது வேறு விஷயம்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம், மார்ச் மாதம். அபிராமபுரத்தில் ஒரு தெருமுனை அடிபம்பின் தலையைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளேயிருந்த ராடை முழம் முழமாக மேலே இழுத்துக்கொண்டிருந்தார் முருகையன். வாஷர் தேய்ந்திருந்தது. சுற்றிலும் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டியிருந்தன. குடங்களுக்குச் சொந்தக்காரர்கள் நிழலில் நின்றிருந்தார்கள். ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர், "சட்டை எங்கேய்யா?" என்று கேட்டார்.

"இதோ போட்டுக்கினு கீறனே சார்," என்றார் முருகையன்.

"இது இல்லைய்யா. ஒளிர்சட்டை. தெருவுல ஒக்காந்து வேலை பாக்குறவன் எல்லாம் ஆரஞ்சு கலர்ல, முதுகுல எழுத்து அச்சடிச்சு, வாரியத்து முத்திரையோட ஒண்ணு போட்டுக்கணும். போட்டுக் காட்டினா பை திரும்பக் கிடைக்கும்."

இரண்டு பைப் ரெஞ்சு, ராடு தூக்கும் கவ்வி, சங்கிலி, ஒரு டப்பா வாஷர் எல்லாம் ஜீப்பில் ஏறின. ரசீது கொடுத்தார்கள். திறந்து கிடந்த பம்பை மூடக்கூட ஒரு ரெஞ்சை விட்டுவைக்கவில்லை. ஜீப் போனதும் குடத்துக்காரர்கள் ஒன்றுசேர்ந்து முருகையனைத் திட்டினார்கள். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. தெரிந்த தொழில் அது ஒன்று. அந்தப் பை இல்லாமல் அதுவும் இல்லை.

தெருவோரத் தனித்தொழிலர் ஒளிர்வுடை நெறிப்படுத்தல் வாரியம் தி. நகரில், பனகல் பார்க் பக்கம், ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. தெருவில் வேலை செய்கிறவர்களை மற்றவர்கள் கண்ணில் படும்படி செய்வது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான், யார் இல்லை என்றது? இருபத்திரண்டு வருஷமாகத் தெருத்தெருவாகக் குந்தி எழுந்த முருகையன், யார் கண்ணிலும் பட்டதாக அவருக்கே ஞாபகம் இல்லை. பம்பு ஓடினால் தண்ணீரைப் பார்ப்பார்கள், ஓடாவிட்டால் பம்பைப் பார்ப்பார்கள். மனைவி சொர்ணம் இருந்த வரைக்கும் சாயங்காலம் வீடு திரும்பினால், "இன்னா, இப்பிடிக் கறுத்துப்போயி வர்ற?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தது. சொர்ணம் போய் மூன்று வருஷம். பிள்ளைகள் இல்லை. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் ஓர் அறை, ஒரு ஸ்டவ், ஒரு பூட்டு. அவ்வளவுதான் குடும்பம்.

வாரியத்தின் குமாஸ்தா ஜெயலக்ஷ்மி பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதல் கேள்வி கேட்டார்.

"நீங்க முதலாளியா, தொழிலாளியா?"

"நான் ஒண்டி ஆளும்மா."

"ஒண்டி ஆள்னு பாரத்துல கட்டமே இல்லையே."

சட்டத்தை எழுதியவர்கள் ஏதோ ஒரு தொழிற்சாலைச் சட்டத்தைப் பார்த்துக் காப்பியடித்திருந்தார்கள். தொழிற்சாலையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு முதலாளி உண்டு. தனியாகப் பிழைக்கிறவனுக்கு? அதற்குப் பதினோராம் விதி வழி சொன்னது. தனித்தொழிலர் விஷயத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே ஆயினும் இருவராகவே கருதப்படுவர். ஆகவே கோப்பு இரண்டு. முதலாளிகள் திங்கட்கிழமை வரவேண்டும், தொழிலாளிகள் செவ்வாய்க்கிழமை.

திங்கட்கிழமை முருகையன் போனபோது துணை இயக்குநர் வெங்கடரமணன் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். காப்பி வந்தது.

"பாருங்கோ, தொழிலாளின்னா வெறும் கை காலுன்னு நினைச்சுடப்படாது. அவன் சாப்பிட்டானா, தூங்கினானா, மனசுல என்ன வெச்சுண்டிருக்கான், எல்லாத்தையும் நீங்க கவனிக்கணும். ஒளிர்சட்டையோட தத்துவமே அதான். மனுஷாளை மனுஷா பார்க்கணும்." இதைச் சொல்லும்போது அவர் கோப்பில் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தார்.

முருகையன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். சாப்பிட்டானா, தூங்கினானா என்ற வார்த்தையெல்லாம் காதில் விழுந்து எத்தனை நாளாயிற்று. "பாத்துக்கறேன் சார்," என்றார்.

செவ்வாய்க்கிழமை அதே அறை, அதே மனிதர். நாற்காலி இல்லை, காப்பியும் இல்லை.

"உங்க முதலாளி உங்களை நன்னா வெச்சிண்டிருக்காரா? பயப்படாம சொல்லுங்கோ, வெளியில போகாது."

முருகையன் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். காலையில் வெறும் டீ. மத்தியானம் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. காய்ச்சல் வந்த அன்றைக்கும் எழுந்து வேலைக்குப் போகச் சொன்ன ஆள். "சுமாரா வெச்சிருக்காரு சார்," என்றார்.

"அடப் பாவமே," என்று சொல்லி வெங்கடரமணன் அதையும் எழுதிக்கொண்டார்.

சொன்னால் சிரிப்பீர்கள். அன்று திரும்பும் வழியில் நந்தனத்தில் ஒரு டீக்கடை முன்னால் நின்று முருகையன், "சாப்டியாடா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இல்லை என்றுதான் பதில். இரண்டு வடை வாங்கித் தின்றார். வீட்டுப் பூட்டைத் திறக்கிற நேரம் அவருக்கு எப்போதும் மனசைப் பிசையும். அன்றைக்கு அவ்வளவாகப் பிசையவில்லை.

சட்டைக்குச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனார். கட்சிக் கொடி, கல்யாணத் தாம்பூலப் பை, கிரிக்கெட் பனியன் எதுவானாலும் ஸ்கிரீன் பிரிண்டிங் போட்டுக்கொடுக்கிற ஷாஹுல் ஹமீது அவருக்குப் பழக்கம். கடை வாசல் பம்பை இரண்டு தடவை சரிசெய்து கொடுத்திருந்தார். பாய் கண் கூசுகிற ஆரஞ்சில் துணி எடுத்து, கையில்லாமல் தைத்து, நெஞ்சுக்குக் குறுக்கே மின்னுகிற பட்டை ஒட்டி, "இத்தப் போட்டுக்கினு நில்லு நைனா. மவுண்ட் ரோட்டுலேர்ந்து தெரிவ," என்றார்.

வெங்கடரமணன் அதைக் கையால்கூடத் தொடவில்லை. "எடுத்துண்டு போங்கோ. கண்ணை உறுத்தறது."

"கண்ணுல படணும்னு தானே சார்..."

"அங்க பாருங்கோ."

ஜன்னலை ஒட்டி ஓர் அட்டை தொங்கியது. அங்கீகரிக்கப்பட்ட நிறம், ஒளிர் ஆரஞ்சு, வகை மூன்று. வாரியம் திறந்த நாளிலிருந்து மேற்கு வெயில் பூராவையும் வாங்கி, அந்த ஆரஞ்சு இப்போது பழைய மண்சுவர் நிறத்துக்கு வந்திருந்தது.

"வெளுத்துப் போயிட்டாப்பல கீதே சார்?"

"அட்டை வெளுக்காது. நிறம் திருத்தப்பட்டிருக்கு. எது பளிச்சுங்கறதை நீங்களும் நானும் முடிவு பண்ணப்படாது. ஆளாளுக்குக் கண்ணால பார்த்து முடிவு பண்றதுன்னா அப்புறம் வாரியம் எதுக்கு? நான் இந்த நாற்காலிக்கு வந்து நாலு வருஷம் ஆறது. ஒருநாள்கூட என் கண்ணை நம்பிக் கையெழுத்துப் போட்டதில்லை."

இதை அவர் பெருமையாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மின்னும் பட்டைக்கும் ஒரு மாதிரி இருந்தது. அலமாரியிலிருந்த மாதிரிச் சட்டையைப் பிரித்துக் காட்டினார்கள். பட்டை எப்போதோ உதிர்ந்து, கறுப்பாகப் பசைத் தடம் மட்டும் இருந்தது. எனவே முருகையன் தன் சட்டையில் ஒட்டிய பட்டையைப் பிய்த்தெடுத்து, பசை சரியாகக் கறுக்கும் வரை தூசியில் தேய்த்துக் காட்ட வேண்டியதாயிற்று. பசைத் தடத்தின் அகலத்தை அளந்து பார்த்து, ஒன்றரை நூல் அதிகம் என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள்.

நிறத்துக்கு பாய்தான் வழி சொன்னார். சலவைச் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் போட்டு ஊறவைத்து, மொட்டை மாடியில் பதினைந்து நாள் வெயிலில் போடுவது. "முப்பது வருஷமா சாயம் நிக்க வெக்கிறதுக்கு அல்லாடிக்கினு கீறேன். சாயத்தப் போக வெக்கச் சொல்லிக் கேட்டுக்கினு வந்த மொத ஆளு நீதான்," என்றார். பையில்லாத அந்த நாட்களில் முருகையன் அடையாறில் ஒரு கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தார். சாயங்காலம் மாடிக்குப் போய்ச் சட்டை போதுமான அளவு மங்கிவிட்டதா என்று பார்ப்பார். அங்கே வடாம் காயவைக்க வருகிறவர்கள், துணி உலர்த்துகிறவர்கள் எத்தனையோ பேர். இது என்ன, எதற்கு என்று ஒருத்தர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். சொல்வதற்குத் தயாராகத்தான் இருந்தார்.

நிறம் தேறியது. அடுத்து அச்சு. முதுகில் நாலங்குல எழுத்தில் நிறுவனத்தின் பெயர், அதற்குக் கீழே பதிவு எண், அதற்கும் கீழே விபத்து நேர்ந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டுமோ அவர் பெயரும் விலாசமும். நிறுவனத்துக்கு முருகையன் பம்ப் ஒர்க்ஸ் என்று ஜெயலக்ஷ்மியே பெயர் வைத்துவிட்டார். எண் 417. மூன்றாவது வரியில் பேனா நின்றது.

"யாருக்குச் சொல்லணும்? வீட்டம்மா?"

"பூட்டாம்மா."

"பிள்ளைங்க?"

"இல்ல."

"கூடப்பிறந்தவங்க?"

"ஒரு அண்ணன் இருந்தாரு. அவரும் போயிட்டாரு."

"பக்கத்து வீட்டுல யாராவது?"

"ஒரு பக்கம் பூட்டிக் கெடக்குது. இன்னொரு பக்கம் போன மாசம் குடி வந்தாங்க. பேரு தெர்ல."

"யாரையாவது ஒருத்தரைக் கேட்டு எழுதிட்டு வாங்க. காலியா விட்டா முத்திரை விழாது," என்றார் ஜெயலக்ஷ்மி. குரலில் கடுமை இல்லை.

முருகையன் ஆள் தேடிப் புறப்பட்டார். ஐம்பத்து மூன்று வயதில், தான் அடிபட்டுக் கிடந்தால் யாருக்குச் சொல்வது என்று ஒரு மனுஷன் தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு போவது எவ்வளவு அவமானம் என்று இரண்டாவது மாடிக்காரர்களுக்குத் தெரியுமா? முதலில் அபிராமபுரத்து விசாலாக்ஷி அம்மாள் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுக் கொல்லைப் பம்புக்குப் பதினெட்டு வருஷமாக அவர்தான் வைத்தியம். அம்மாள் டம்ளரில் காப்பி கொடுத்து உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டார்.

"எங்காத்து விலாசத்தையா? ஐயய்யோ, போலீஸ் அது இதுன்னு வந்துண்டிருப்பாளே. எங்காத்துக்காரர் ஹார்ட் பேஷண்ட் வேற. நீ தப்பா எடுத்துக்காதே, பம்ப்பு."

"இல்லம்மா, பரவால்ல."

அவர் செருப்பை மாட்டும்போது அம்மாள் வாசல் வரைக்கும் வந்தார். "ஆமா, உன் பேர்தான் என்ன? இத்தனை வருஷமா பம்ப்புன்னே கூப்ட்டுண்டிருக்கோம்."

"முருகையன்ம்மா."

"நல்ல பேரு," என்றார் அம்மாள்.

இன்னும் நாலு வீடு, ஒரு சைக்கிள் கடை, ஒரு லாண்டரி. ஒருத்தரும் விரட்டவில்லை. எல்லாரும் நல்லவிதமாகவே மறுத்தார்கள். கடைசியில் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் ஷாஹுல் ஹமீதுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாயா நீ, ஊரெல்லாம் சுத்திட்டு வந்து என்னாண்ட சொல்ற? என் பேரப் போடு. எதுனா ஆச்சுன்னா நான் வர்றேன்."

முருகையன் அன்றைக்கு பஸ் ஏறாமல் கோட்டூர்புரம் வரைக்கும் நடந்தே போனார். சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி நடக்கத் தோன்றும்.

செவ்வாய்க்கிழமை ஜெயலக்ஷ்மி விதிப் புத்தகத்தைப் புரட்டி, விரலை ஓரிடத்தில் வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டார். பத்தொன்பதாம் விதி. ஒளிர்சட்டையை அச்சிடுபவர் அச்சட்டையில் தகவல் பெறுபவராக இடம்பெறுதல் ஆகாது. தன் பெயரைத் தானே அச்சடித்து விளம்பரம் தேடுவார்களாம். கடைக்காரரை மாற்றலாமே என்றால், பதிவான கடையை மாற்ற ஆறு மாசம் ஆகும். முருகையனின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சாப்பாட்டு நேரத்திலும் எழுந்திருக்காமல் புத்தகத்தைத் தேடினார். மனசு உள்ள பெண்தான். திடீரென்று முகம் மலர்ந்தது.

"இதோ இருக்குங்க! இருபதாம் விதி. உறவினர் இல்லாத தொழிலாளிக்கு அவருடைய முதலாளியே தகவல் பெறுபவர் ஆகலாம்."

அப்படித்தான் 417-ஆம் எண் சட்டையின் முதுகில், விபத்து நேர்ந்தால் தகவல் பெறுபவர், மு. முருகையன், முதலாளி, கோட்டூர்புரம் என்று அச்சாயிற்று. பாய் ஸ்கிரீனை வைத்து மையை இழுக்கும்போது இரண்டு தடவை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். முத்திரை விழுந்தது. பை திரும்பக் கிடைத்தது. முருகையன் ரெஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார்.

சரியாக மூன்றாவது வாரம், அடையாறில் ஒரு குறுக்குச் சந்தில் அவர் பம்படியில் குந்தி ராடை இழுத்துக்கொண்டிருந்தபோது, மத்தியான வெயிலில் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி திரும்பி வந்து அவர்மேல் ஏறியது. இடது கால் முறிந்தது, தலையில் நாலு தையல். வண்டிக்காரர் அழுதேவிட்டார். "சத்தியமா தெர்ல சார். பள்ளம் தோண்டி மண்ணக் கொட்டி வெச்சிக்கிறாங்கன்னு நெனச்சிட்டேன்," என்று போலீஸ்காரரிடம் சொன்னார். வாரியத்துக்கு வேறு சான்றிதழ் வேண்டியதில்லை.

விபத்து விசாரணைக்கென்று கருவிப் பை மறுபடியும் வாரியத்துக்குப் போனது. முருகையன் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டில் சட்டையின் முதுகைப் படித்துவிட்டு நர்ஸ், "மு. முருகையன்னு போட்டிருக்கே, அவருக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

"அது நான்தாம்மா."

"நீங்க யாரு?"

"நானும் முருகையன்தாம்மா. அவரும் நான்தான்."

தலையில் அடி, பேச்சில் குழப்பம் என்று நர்ஸ் சீட்டில் எழுதி, ஓர் ஊசி கூடுதலாகப் போட்டார். அதன்பிறகு முருகையன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சிப்பந்தி ஒருவர் கோட்டூர்புரத்துக்கு மூன்று தடவை போனார். மூன்று தடவையும் பூட்டிக் கிடந்தது. மூன்றாவது தடவை, உமது தொழிலாளி அடிபட்டு இன்ன வார்டில் இருக்கிறார், உடனே வரவும் என்று எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தார். பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. மற்றக் கட்டில்களைச் சுற்றி ஜனம் கூடும். ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ், அழுகை, சண்டை, எல்லாம் நடக்கும். வார்டு ஆயா முத்தம்மாவுக்கு இந்தக் கட்டிலைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

"நாலு நாளாச்சு. எட்டிப் பாத்தானா உன் மொதலாளி? உன் ரத்தத்த உறிஞ்சிக்கினு வேலை மட்டும் வாங்கத் தெரியுதுல்ல? நாசமாப் போறவன். அவன் கையில கெடச்சான்னா..."

"வுடு ஆயா. வருவாரு," என்பார் முருகையன்.

அவருக்கே அது வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் நாலு மணி ஆனால் கண் வாசல் பக்கம் போனது. இரண்டாம் நாளிலிருந்து அவருக்கும் அந்த முதலாளி மேல் கோபம் வர ஆரம்பித்தது. மூன்றாம் நாள் அது வருத்தமாக மாறியது. ஒருத்தன்கூட வரவில்லையே என்று போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஐந்தாம் நாள் நாலு மணிக்கு அவரைப் பார்க்க ஓர் ஆள் வந்தது. வெங்கடரமணன். கையில் பழம் இல்லை, கோப்பு இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்க இப்போ தொழிலாளிங்கற முறையில பேசறேள். அதை ஞாபகம் வெச்சுக்கோங்கோ. உங்க முதலாளிக்கு மூணு தரம் தகவல் போயிருக்கு. மனுஷர் வரவே இல்லை. இதை வாரியம் சும்மா விடாது. நான் அவருக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, அவ்வளவு தூரம் சொன்னேன், உங்க ஆளைக் கவனிங்கோன்னு. காத்துல விட்டுட்டார். எனக்கு மனசே ஆறலை."

உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு வாக்குமூலப் பாரத்தைப் பிரித்தார்.

"உங்களுக்கு அவர்மேல புகார் இருக்கா? இருந்தா பதிவு ரத்து, கருவியெல்லாம் பறிமுதல். அப்புறம் அவர் ஜன்மத்துக்கும் தொழில் பண்ண முடியாது. புகார் இல்லேன்னா பை இன்னிக்கே விடுதலை. பயப்படாம சொல்லுங்கோ."

பக்கத்துக் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த முத்தம்மா கையை நிறுத்திவிட்டு, "கீதுன்னு சொல்லு! எழுதிக் குடு!" என்றார்.

"புகார் இல்ல சார்," என்றார் முருகையன்.

"அப்போ காரணம் சொல்லணும். புகார் இல்லாமைக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. மூணுல ஒண்ணு சொல்லுங்கோ. சம்பளம் ஒழுங்கா வரது, முதலாளிகிட்ட பயம், முதலாளி உறவினர்."

முருகையன் தலையைத் திருப்பிப் பார்த்தார். வார்டில் எல்லாக் கட்டிலையும் சுற்றிப் பேச்சும் சிரிப்புமாக இருந்தது.

"மூணாவது போடுங்க சார்."

"உறவினரா? தொழிலாளி பாரத்துல உறவினர் ஒருத்தரும் இல்லேன்னு எழுதியிருக்கே?" வெங்கடரமணன் பேனாவை நிறுத்தினார். "என்ன உறவு?"

"இன்னா உறவுன்னு தெர்ல சார். சொர்ணம் பூட்ட அப்பறம் எனக்குன்னு கீறது அவரு ஒருத்தருதான். அவருக்கும் என்ன வுட்டா யாருமில்ல."

வெங்கடரமணன் தலையை ஆட்டினார். நெருங்கிய உறவு என்று அந்தக் கட்டத்தில் எழுதி, வரச்சொல்லியும் வராத உறவினரைப் பற்றி இரண்டு வரி வருத்தம் தெரிவித்து, கையெழுத்துக்கு நீட்டினார்.